வாரம் அரை பாட்டில்

என் நாத்தனாரைக் குடிகாரி என்று சொல்கிற எல்லோருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் வாரத்துக்குக் குடிப்பது அரை பாட்டில் பீர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. மீதி அரை பாட்டிலைக் குடிப்பது நான். ஒன்பது வருஷமாக. இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாயிலிருந்து வரவில்லை. அதனால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வயது ஐம்பத்தி நாலு. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை டெக்னீஷியன். அங்கே அவருக்கு மைக்ராஸ்கோப் என்று பட்டப்பெயர். ஒரு ட்யூபுக்கு மூடி மாறிப் போயிருந்தால் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார். பயிற்சிக்கு வரும் பெண்கள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கையுறையை இழுத்துச் சரிசெய்துகொள்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் "நேரம் கிடைக்கல" என்பார். அதற்கு மேலும் துருவிக் கேட்டால், "உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்பார்.

வீடு அக்காவும் தம்பியும் சேர்ந்து கட்டியது. கீழே நாங்கள். மாடியில் ஒரு பெரிய அறை, ஒரு சின்ன சமையல் மேடை, குளியலறை. அது அண்ணியுடையது. அந்தப் பெரிய அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதற்குள் எழுபத்தி நாலு பீர் கோப்பைகள். இந்த எழுபத்தி நாலும் தெருவுக்குள் போய்ச் சேர்ந்தபோது "மாடியில பார் நடக்குது" என்று ஆகிவிட்டது. நாக்குக்கு நரம்பு இல்லை என்பதற்காக இவ்வளவா?

பார் நடத்துகிறவர் எப்படி நடத்தினார் என்று கேளுங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் ரத்த அணுக்களை எண்ணும் புது மெஷின் ஒன்றை ஆஸ்பத்திரி வாங்கியது. அதை ஓட்டப் பழக அண்ணியை ஒரு மாதம் பெல்ஜியத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் ஒரு சனிக்கிழமை இவரை ஒரு பீர்க்கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அண்ணி அதுவரை பீரை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அங்கே ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று ஒரு கோப்பை. துறவி மடத்தில் காய்ச்சிய கறுத்த பீருக்கு வாய் அகன்ற, கால் வைத்த கோப்பை. வாசனை தூக்கலாக இருக்கும் பீருக்கு இடுப்பு பெருத்து கழுத்து சுருங்கியது. மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட வெள்ளை பீருக்குத் தடித்த ஆறு பட்டைக் கோப்பை. பக்கத்து மேஜைக்காரர் ஒரு பீர் கேட்டாராம். பரிமாறும் பெண் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதன் கோப்பை எல்லாம் மற்ற மேஜைகளுக்குப் போயிருக்கிறது, வேறு பீர் குடிக்கிறீர்களா, இல்லை காத்திருக்கிறீர்களா என்று கேட்டாளாம். அந்த ஆள் காத்திருந்தாராம்.

"அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, உலகத்துல என்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருக்காங்கன்னு" என்று அண்ணி சொல்வார். எதை எதில் ஊற்ற வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் என்று அர்த்தம். அந்தக் கடைப் பெண்ணிடம் கேட்டு ஓர் ஆறு பட்டைக் கோப்பையை வாங்கி, இரண்டு ஸ்வெட்டரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தார். அதுதான் முதல் கோப்பை.

அதற்கப்புறம் யார் வெளிநாடு போனாலும் அண்ணிக்கு ஒரு கோப்பை வந்தது. டாக்டர்கள் கொண்டுவந்தார்கள். குணமாகிப் போன நோயாளி ஒருவர் அனுப்பினார். ஊரிலேயே ஓர் அண்ணனும் தங்கையும் சேர்ந்து சின்னதாகப் பீர் காய்ச்சும் ஒரு பீர்க்கூடம் ஆரம்பித்தபோது அவர்கள் அச்சடித்த முதல் கோப்பையும் வந்தது. அந்த இரண்டு பேருக்கும் அண்ணி என்றால் உயிர். ஒரு தடவை அவர்கள் அனுப்பிய பாட்டிலைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, உடனே ஃபோன் போட்டு, "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருது. எங்கயோ காத்து புகுந்திருக்கு, பாருங்க" என்றார். பார்த்தார்கள். மூடி போடும் மெஷினில் ரப்பர் தேய்ந்திருந்தது. முந்நூறு பாட்டிலைக் கொட்டினார்கள். குடிகாரிக்கு இந்த மூக்கு இருக்குமா?

ஒன்பது வருஷத்துக்கு முன் நான் மாடிக்குப் போனது துணி காயப்போட. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவது என்றால் நாம் பாத்திரம் தேய்ப்பது மாதிரி இல்லை. தனிப் பஞ்சு, எண்ணெய்ப் பாத்திரத்தைத் தொடாத பஞ்சு. மூன்று தடவை அலசல். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தண்ணீர் உள்ளே ஒரே படலமாக வழிகிறதா, திட்டுத் திட்டாக நிற்கிறதா என்று பார்ப்பார். திட்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் இருந்தால் நுரை நிற்காது. திரும்பவும் முதலிலிருந்து. துணியால் துடைக்க மாட்டார். ஒன்றுக்குள் ஒன்றை வைக்கவே மாட்டார். "ஏம்மா, நிக்கறியே, உக்காரு. குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பாரு" என்றார். நான் மோந்தேன். கிராம்பு வாசனை, பழுத்த வாழைப்பழ வாசனை. கிராம்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை, ஈஸ்ட் செய்கிற வேலை என்றார். நான் ஒரு வாய் குடித்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. இதில் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஏலக்காயை மென்றுகொண்டு கீழே இறங்கினேன்.

அதிலிருந்து ஞாயிறு நாலு மணி என்றால் எனக்கு மாடியில் துணி வேலை வந்துவிடும். ஒரு பாட்டில், இரண்டு கோப்பை. அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் கலங்காமல் ஊற்றுவார். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. புளித்த பீர் ஒன்றை முதலில் கொடுத்தபோது நான் முகத்தைச் சுளித்த சுளிப்பில் அண்ணி அரை மணி நேரம் சிரித்தார். மரப் பீப்பாயில் மூன்று வருஷம் கிடந்து புளித்தது அது. மூன்றாவது தடவை அதைத்தான் நானே கேட்டு வாங்கினேன். வாரம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அழுகிற குழந்தைகளையும் கத்துகிற அப்பாக்களையும் சமாளிக்கிறேன். அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் மேற்பார்வையாளர். வாரத்தில் மூன்று நாள் சிநேகிதரின் காருக்குள் உட்கார்ந்து விஸ்கி குடித்துவிட்டு வருவார். வீட்டில் என்றால் ஸ்டீல் டம்ளரில், சமையலறையில் நின்றபடி, மடக் மடக் என்று. என்ன குடித்தோம் என்று மறுநாள் கேட்டால் அவருக்கே தெரியாது. அதற்கு எங்கள் உறவில் "அலுப்பு" என்று பெயர். அவர் குடித்தால் அலுப்பு, அக்கா குடித்தால் அசிங்கம். இதை என் மாமியார் இருந்தவரை சொன்னார், பிறகு சித்தப்பா வீட்டார் சொன்னார்கள், நான் காபி கலந்து கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது இவருக்குத் தெருச் சங்கத்துக்குத் தலைவராக ஆசை வந்தது. பழைய தலைவர் தன் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டார். அந்தச் சமயத்தில்தான் தெருமுனை மதுக்கடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மனு போட்டிருந்தார்கள். மனுவில் முதல் கையெழுத்து என் வீட்டுக்காரர். இரண்டாவது கையெழுத்து அண்ணி. ஆமாம், அண்ணிதான். இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸுப் பெண்கள் அந்தக் கடை வாசலைத் தாண்டி வரப் பயப்படுகிறார்கள் என்பதற்காகப் போட்டார். அதை யாரும் பேசவில்லை. மாடியில் இருக்கும் கோப்பைகளைத்தான் பேசினார்கள்.

கமிட்டி ஐந்து பேர் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். வேட்பாளரோடு பேச என்றார்கள். பொருளாளர் அம்மா மட்டும், "உங்க மாடியில இருந்து பாத்தா தெரு முழுக்கத் தெரியுமாமே" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே மாடிக்கு ஏறினார்.

"அக்கா, ஒரு நாளைக்கு மட்டும் அதையெல்லாம் எடுத்து எங்கயாவது வெச்சிடேன்."

"வர்றவங்க உன்னைப் பாக்கத்தானே வர்றாங்க? என் ரூம் பூட்டி இருக்கும்."

"நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க."

"அந்த நாலு பேருக்கும் வருஷா வருஷம் நான்தான்டா ரத்தம் எடுக்கறேன். யாருக்கு என்ன இருக்குன்னு நான் எங்கயாவது பேசியிருக்கேனா?"

இவர் இறங்கி வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணி டியூட்டிக்குப் போனார். ஒன்பது மணிக்கு இவர் மாற்றுச் சாவியை எடுத்தார். "ரெண்டு மணி நேரத்துல அலமாரி காலியாகணும்" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். கால் வைத்த கோப்பைகளைத் துண்டு போட்டுப் படுக்க வைத்தேன். அதிலேயே ஒரு தொட்டி நிறைந்துவிட்டது. இவர் வாசலைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்தப் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கால் இல்லாத கோப்பைகளை, அந்த ஆறு பட்டைக் கோப்பை உட்பட, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினேன். அண்ணி ஒருநாளும் செய்யாத காரியம் என்று தெரிந்தே செருகினேன். ஒன்பது ஜோடி. தொட்டிகளைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளி மேலே போர்வையைப் போட்டோம்.

கமிட்டி வந்தது. காபி குடித்தது. தெருவைப் பார்க்க மாடிக்கு ஏறியது. காலி அலமாரியைப் பார்த்துவிட்டுப் பொருளாளர் அம்மா கேட்டார், "இங்க என்னவோ கண்ணாடிச் சாமான் எல்லாம் இருக்குன்னு சொன்னாங்களே?"

என் வீட்டுக்காரர் வாய் கூசாமல் சொன்னார். "அக்காவுக்கு ஒரு காலத்துல அந்தப் பழக்கம் இருந்துச்சு. நாங்கதான் பேசி, புத்தி சொல்லி நிறுத்தினோம். வீட்ல வேற யாருக்கும் அந்த வாடையே ஆகாது." என் பக்கம் திரும்பினார். "இல்லையா?"

"ஆமா" என்றேன்.

அந்த "ஆமா"வை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஐந்து பேர் நின்றார்கள். என்னைக் கட்டி வைத்து யாரும் கேட்கவில்லை. சும்மா நின்றிருந்தால்கூடப் போதும்.

அவர்கள் போனதும் அண்ணி வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட வேண்டும் என்று இவருக்கு அவசரம். செருகிய கோப்பைகள் கழலவில்லை. இறுகிப் பிடித்துக்கொண்டன. "டம்ளர் மாட்டிக்கிட்டா சுடுதண்ணிலதானே எடுப்போம்" என்று கெட்டிலைப் போடச் சொன்னார். இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் கோப்பையில் சில்லென்று தண்ணீர் ஊற்ற வேண்டும், வெளிக் கோப்பையை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்த வேண்டும். உள்ளே சுருங்கும், வெளியே விரியும், தானாகக் கழலும். சோதனைக் கூடத்தில் பீக்கர் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் எடுப்பார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"உள்ள பச்சத் தண்ணி ஊத்தணும்ங்க" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்று சொன்னால் எப்போது உட்கார்ந்து பேசினோம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எதைக் குடித்துக்கொண்டு பேசினோம் என்பதையும் சொல்ல வேண்டும். "சும்மா, தோணுச்சு" என்றேன். கொதிக்கிற தண்ணீரை உள்கோப்பையில் ஊற்றினார். டிக் என்று ஒரு சத்தம். இரண்டும் விரிசல். "இது ஏற்கெனவே கீறல் விட்டதா இருக்கும்" என்று அடுத்ததில் ஊற்றினார். அதுவும் டிக். நாலாவதுக்கு மேல் அவருக்கே வீம்பு ஏறிவிட்டது. ஒன்பது ஜோடியும் முடிகிறவரை கெட்டிலை நிரப்பி நிரப்பிக் கையில் கொடுத்தது நான்தான்.

மூன்று மணிக்கு அண்ணி வந்தார். சமையல் மேடையில் பதினெட்டுக் கோப்பைகள் பிளந்து கிடந்தன. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு பட்டைக் கோப்பையின் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெச்சது யாரு?"

"அவதான் அவசரத்துல வெச்சுட்டா" என்றார் என் வீட்டுக்காரர். கொஞ்சமும் தயங்கவில்லை.

"சுடுதண்ணி?"

நான் கெட்டிலைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ரிப்போர்ட் வந்துவிட்ட முகம். கண்ணாடித் துண்டுகளைத் தானே பொறுக்கினார். எங்களைத் தொட விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாடிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

திங்கட்கிழமை பொருளாளர் அம்மா சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அண்ணி ஊசி போட நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "நீங்க எல்லாத்தையும் நிறுத்திட்டீங்களாமே, ரொம்ப சந்தோஷம். உங்க தம்பி பொண்டாட்டியும் சொன்னாங்க" என்றாராம். அண்ணி ஒரே குத்தில் ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, கையை மடக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் வந்து எங்கள் இருவரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுவதாகவும் சொன்னார்.

அவர் மாடிக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒன்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமை, அரை பாட்டில் எல்லாம். அடிப்பாரோ, கத்துவாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் தலைவர் தேர்தல் நோட்டீஸைப் படித்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை ஆனா நீ எங்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுவ. கூடவே ஏலக்கா வாசன வேற. எனக்கென்ன மூக்கு இல்லையா?"

"தெரிஞ்சுமா கெட்டில கையில வெச்சுக்கிட்டு, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்க?"

"நீ சொல்ல மாட்டேன்னு தெரியும்" என்றார். பிறகு ஏதோ எனக்கு நல்லது செய்த மாதிரி சொன்னார், "கெட்ட பேர் ஒருத்தரோட போகட்டுமே. அக்காவுக்கு இனிமே பேரை வெச்சுக்கிட்டு என்ன ஆகணும்?"

முப்பது வருஷமாக ஊரார் ரத்தத்தைத் தப்பில்லாமல் படித்துச் சொன்ன ஒரு மனுஷிக்குப் பேர் எதற்கு என்று கேட்கிறார். அவருடைய கூடப்பிறந்த தம்பி கேட்கிறார். கையில் இருந்த தட்டை அவர் தலையில் போடாமல் தரையில் வைத்தேன் என்றால் அது என் பொறுமை.

மாடிக்கு ஓடினேன். "அண்ணி, நான் சொல்லிட்டேன். நானும் குடிக்கறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க போகாதீங்க."

அண்ணி கோப்பைகளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவன்கிட்ட சொன்ன. அஞ்சு பேர் நின்னப்ப ஆமான்ன. இல்லையா?"

"பயந்துட்டேன் அண்ணி."

"நீ நல்லவதாம்மா" என்றார். "ஆனா உன் நல்லதனம் எல்லாம் நாலு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும்தான்."

ஞாயிற்றுக்கிழமை பீர்க்கூடத்து அண்ணனும் தங்கையும் வேனோடு வந்தார்கள். மிச்சம் இருந்த ஐம்பத்தி ஆறு கோப்பைகளையும் ஒவ்வொன்றாகக் கையில் இறக்கினார்கள். நான் உதவிக்குப் போனபோது அந்தத் தங்கை, "வேண்டாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு உறைத்தது. அண்ணி போனது இரண்டு தெரு தள்ளி இல்லை, ஊரின் மறுகோடிக்கு. புது வீட்டுக்கு இன்றுவரை என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

என் வீட்டுக்காரர் போட்டியில்லாமல் தலைவர் ஆனார். மாலை போட்டார்கள். அன்றைக்கு அலுப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, காரிலிருந்து இரண்டு பேர் இறக்கி விட்டுப் போனார்கள். கமிட்டியில் ஒருவர் வாயும் திறக்கவில்லை.

போன வாரம் சங்கத்தின் செயலாளர் ஃபோன் செய்தார். ஆண்டு மலர் போடுகிறார்களாம். நம் தெருவைச் சேர்ந்த எளிய மனிதர் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம், தலைவர் வீட்டிலிருந்து வந்தால் சிறப்பாக இருக்கும் என்றார். "தபால்காரரைப் பத்தி எழுது, வம்பில்ல" என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். தபால்காரர் தங்கமான மனிதர். ஆனால் அவரைப் பற்றி ஐந்து பேர் முன்னால் நான் பொய் சொன்னதில்லை.

செயலாளர் சார், நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். அண்ணி எதையும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய எதையும் அவர் செய்யவில்லை. அன்று மாடியில் நின்ற ஐந்து பேரில் நீங்களும் ஒருவர், அதனால் உங்களுக்கே முதலில் சொல்கிறேன்: நான் சொன்ன "ஆமா" பொய். எழுதியவர் என்ற இடத்தில் தலைவரின் மனைவி என்றே போடுங்கள். போட முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நம் தெருவில் எண்பத்தி இரண்டு வீடு. நானே ஒவ்வொரு வாசலாக ஏறிப் படித்துக் காட்டுகிறேன்.